தொழில்முனைவு படித்துவிட்டுத் தொடங்குவதா, தொடங்கிவிட்டுப் படிப்பதா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கேட்டவருக்கு வயது 34, வேலையில் இருக்கிறார். ஒரு தொழில் யோசனை ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. தொழில்முனைவுப் படிப்பு ஒன்றை முறையாக முடித்துவிட்டு இறங்குவதா, நேராக இறங்கிவிடுவதா என்று கேட்கிறார். வயது கடந்துவிட்டதோ என்ற கவலையும், யோசனையை வெளியே சொன்னால் யாராவது எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்ற பயமும் கூடவே இருக்கின்றன.

படியுங்கள். ஆனால் படிப்பு முடியும்வரை யோசனையைப் பூட்டி வைக்காதீர்கள். நான் இந்தப் பாடத்தைப் படித்தவன். இப்போது புதிதாகத் தொழில் தொடங்க வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். "முதலில் முழுசாகக் கற்றுக்கொள்கிறேன், அப்புறம் ஆரம்பிக்கிறேன்" என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை ஆரம்பிக்கவே இல்லை. வகுப்பு நடக்கும்போதே நாலு பேரைப் போய்ப் பார்த்து, எதையாவது விற்க முயன்று, அதில் வந்த குழப்பத்தோடு மறுவாரம் வந்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் பாடம் மனதில் நின்றது.

தொழில் புத்தி ரத்தத்திலேயே வர வேண்டும், வகுப்பில் வராது என்று இன்னமும் சொல்கிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் என்ற பேராசிரியர் 1947இல் புதுத் தொழில் தொடங்குவதற்கென்றே ஒரு பாடம் ஆரம்பித்தபோது, முதல் தடவையே 188 மாணவர்கள் சேர்ந்தார்கள். இதைக் கற்பிக்க முடியுமா என்பதற்கு அன்று யாரிடமும் நல்ல ஆதாரம் கிடையாது. இன்று இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது மேற்கு ஆப்பிரிக்காவில், டோகோவின் தலைநகர் லோமேயில் நடந்த சோதனை. ஏற்கெனவே சிறுதொழில் செய்துகொண்டிருந்த 1,500 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு, விற்பனை, நிதி என்று வழக்கமான வணிகப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு, யாரும் சொல்லாமலே தானாக முன்னெடுப்பது, வரப்போவதை முன்கூட்டி யோசிப்பது, தடை வந்தால் வேறு வழி தேடுவது என்ற செயல்பழக்கத்தில் பயிற்சி. மூன்றாம் பிரிவுக்கு எதுவுமில்லை. 2017இல் சயின்ஸ் இதழில் வந்த முடிவு: பயிற்சியே பெறாதவர்களோடு ஒப்பிட்டால் இரண்டாம் பிரிவினரின் லாபம் 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களிடம் உறுதியாகச் சொல்லும்படியான உயர்வு இல்லை.

இதை வைத்துக் கணக்குப் படிக்க வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கணக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். எந்த மாதிரிப் படிப்பில் சேர வேண்டும் என்பதற்கு இந்தச் சோதனை ஒரு குறிப்பு தருகிறது. இத்தாலியில் 116 ஸ்டார்ட்அப்களை வைத்து நடந்த இன்னொரு சோதனையும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. எல்லோருக்கும் ஒரே பாடங்கள்தான். பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள்: உங்கள் யோசனைக்குள் என்னென்ன அனுமானங்கள் இருக்கின்றன என்று எழுதுங்கள், ஒவ்வொன்றையும் விஞ்ஞானி போலச் சோதியுங்கள், என்ன முடிவு வந்தால் கைவிடுவேன் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். அவர்கள்தான் அதிகம் சம்பாதித்தார்கள். பாதி வழியில் யோசனையையே மாற்றிக்கொண்டவர்களும் அவர்களில்தான் அதிகம்.

யோசனையை மாற்றுவது தோல்வி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அது எப்படி நடக்கிறது என்பதற்கு என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பையன் பல் மருத்துவமனைகளுக்கு ஒரு செயலி செய்ய நினைத்தான். நோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்டை நினைவூட்டும் செயலி. "எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன் சார், எல்லோருமே நல்ல யோசனை என்கிறார்கள்" என்றான். என்ன கேட்டாய் என்றால், "இப்படி ஒரு ஆப் வந்தால் வாங்குவீர்களா என்று கேட்டேன்" என்றான். முகத்துக்கு நேராக அப்படிக் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? ஆர்வமாக வந்து கேட்கிற பிள்ளையின் மனதை நோகடிக்க யாருக்கும் விருப்பமில்லை. செயலியைப் பற்றி வாயே திறக்காதே, கடைசியாக ஒரு நோயாளி வராமல் போனது எப்போது, அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டு வா என்று திருப்பி அனுப்பினேன்.

ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் இருந்த அம்மா பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் வர வேண்டியவர்களின் பெயரும் போன் நம்பரும் வரிசையாக இருந்தன. வராதவர்கள் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். தினமும் சாயங்காலம் எல்லோரையும் அவரே கூப்பிட்டுவிடுகிறார். "கூப்பிடுறது ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி. கடைசி நேரத்துல ஒருத்தர் வரலன்னா அந்த நேரத்துக்கு வேற யாரைக் கொண்டு வர்றதுன்னுதான் தெரியல. டாக்டர் சும்மா உக்காந்திருப்பாரு" என்றாராம். பையன் தீர்க்க நினைத்த பிரச்சினையை அந்த நோட்டு ஏற்கெனவே தீர்த்துவிட்டது. தீராத பிரச்சினை அதற்குப் பக்கத்திலேயே இருந்தது: காலியாகும் நேரத்தை நிரப்புவது.

அதற்குப் பிறகும் அவன் செயலி எழுதவில்லை, நான் எழுத விடவில்லை. சீக்கிரம் வர முடிகிற நோயாளிகளின் பட்டியலை ஒரு எக்செல் தாளில் வைத்துக்கொண்டு, இடம் காலியானால் அவனே போன் செய்து ஆள் பிடித்துக் கொடுத்தான். ஒரு மாதத்துக்கு முன்பணம் கேட்கச் சொன்னேன். "நல்ல யோசனை" என்று சொன்னவர்களில் பலர் அங்கேயே பின்வாங்கினார்கள். ஒரு மருத்துவர் மட்டும் பணத்தை எடுத்து நீட்டினார். அந்த ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டது, பாராட்டிய அத்தனை பேரிடமிருந்தும் கற்றுக்கொண்டதைவிட அதிகம். அவர் ஏன் கொடுத்தார், மற்றவர்கள் ஏன் கொடுக்கவில்லை என்று தோண்டிப் பார்த்ததில்தான், சிகிச்சைக்கு அதிக நேரம் பிடிக்கிற மருத்துவமனைகளுக்கே காலி நேரத்தின் நஷ்டம் பெரிது என்பது தெரிந்தது. முதல் வாடிக்கையாளர் யார் என்ற கேள்விக்கு விடை அப்படித்தான் கிடைத்தது.

பெரிய நிறுவனங்கள் சிலவும் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. ஜாப்போஸ் என்ற இணையச் செருப்புக் கடையை 1999இல் ஆரம்பித்த நிக் ஸ்வின்மர்ன், ஆரம்பத்தில் சரக்கு வாங்கி அடுக்கவில்லை. கடைகளுக்குப் போய் ஷூக்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு விற்பனையிலும் நஷ்டம்தான். ஆனால் போட்டுப் பார்க்காமல் செருப்பு வாங்குவார்களா என்ற கேள்விக்கு மலிவாக விடை கிடைத்துவிட்டது. அதே காலத்தில் வெப்வேன் என்ற அமெரிக்க நிறுவனம் மளிகையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பியது. மக்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்று சரியாகத் தெரிவதற்கு முன்பே, 26 பெரிய கிடங்குகள் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் திவாலானது. வீட்டுக்கு மளிகை கொண்டுபோய்க் கொடுக்கிற யோசனையில் குறை இல்லை, பின்னால் பலர் அதே தொழிலை நடத்திக் காட்டினார்கள். செலவை முதலில் பூட்டிக்கொண்டு வரவை அப்புறம் தேடியதில்தான் அது விழுந்தது.

சரி, கணக்குக்கு வருகிறேன். ரிச்சர்ட் கான்டியோன் என்பவர் எழுதி, அவர் இறந்த பிறகு 1755இல் அச்சான பொருளாதார நூலில் தொழில்முனைவோருக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது: நிச்சயமான விலைக்கு வாங்கி, நிச்சயமில்லாத விலைக்கு விற்பவர். இந்த நிச்சயமின்மை மாதாமாதம் கல்லாவில் எப்படித் தெரியும் என்பதைத்தான் நல்ல படிப்பு கற்றுத்தர வேண்டும். ஒரு பொருளைச் செய்ய 70 ஆகிறது, 100க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். 30 லாபம். மூலப்பொருள் தருகிறவருக்குக் கையோடு காசு கொடுக்க வேண்டும், வாங்குகிறவரோ 60 நாள் கழித்துத் தருகிறார். மாதம் 10 பொருள் விற்றால் எந்நேரமும் 1,400 உங்கள் கையை விட்டு வெளியே நிற்கும். தொழில் சூடு பிடித்து மாதம் 50 ஆனால் 7,000 வெளியே நிற்கும். லாபக் கணக்கு பிரமாதமாக இருக்கும், சம்பள நாளில் கையில் பணம் இருக்காது. ஆர்டர் இல்லாமல் மூடுகிற தொழில்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆர்டர் குவிந்து, பணம் புரளாமல் திணறுகிற தொழில்களைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. அதனால் என் மாணவர்களிடம் லாப நஷ்டக் கணக்குக்கு முன்பே, எந்தத் தேதியில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று வாரவாரியாக ஒரு தாள் போடச் சொல்வேன். முன்பணம் வாங்க முடியுமா, 60 நாளை 30 ஆக்க முடியுமா, மூலப்பொருளைக் கடனுக்கு எடுக்க முடியுமா என்ற பேரங்கள் எல்லாம் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தோன்றும்.

வேலையை விடுவது பற்றி: இப்போது விடாதீர்கள். சாரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர், பெரிய நிறுவனங்களைக் கட்டியெழுப்பிய 27 பேரிடம் ஒரு கற்பனைத் தொழிலைக் கொடுத்து, வாய்விட்டு யோசித்தபடியே முடிவெடுக்கச் சொன்னார். எவ்வளவு சம்பாதிக்கலாம் என்ற கணக்கில் அவர்கள் தொடங்கவில்லை. எவ்வளவு போனால் தாங்குவேன் என்ற கணக்கில் தொடங்கினார்கள். நீங்களும் அந்தத் தொகையையும், அதற்கு ஒதுக்குகிற மாதங்களையும் எழுதிவையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த எண் தெரிந்திருக்கட்டும். எல்லை தெரிந்தால் அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள், நீங்களும் துணிந்து சோதிக்கலாம்.

வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்று சொல்லத்தக்க புது நிறுவனங்களை எடுத்துப் பார்த்தபோது, அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது தொடங்கிய சமயத்தில் 45. அதே துறையில் முன்பே வேலை பார்த்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு இன்னும் கூடுதல். உங்கள் யோசனை இப்போது வேலை பார்க்கிற துறையிலிருந்து வந்ததாக இருந்தால், அங்கே இருக்கிற ஒவ்வொரு மாதமும் உங்களுக்குப் படிப்புதான்.

கூட்டாளியோடு இறங்குவதாக இருந்தால் ஒன்றே ஒன்று: முதல் நாளே பாதிக்குப் பாதி என்று பங்கைப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். பங்கு 4 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடைக்காது என்று எழுதிக்கொள்வது ஸ்டார்ட்அப்களில் பரவலான வழக்கம். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதினால்தான் இதைச் சண்டையில்லாமல் எழுத முடியும்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தை விட, அங்கே வாரத்துக்கு எத்தனை வாடிக்கையாளரைச் சந்திக்கச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மாணவர்கள் உண்மையான பணத்தைத் தொடுகிறார்களா என்று கேளுங்கள். அமெரிக்காவின் பாப்சன் கல்லூரி, முதலாண்டு மாணவர்களுக்குக் கடனாகச் சிறு மூலதனம் கொடுத்து, குழுவாக ஒரு தொழிலை நடத்தவிட்டு, ஆண்டு முடிவில் மூடச் சொல்லும் பாடத்துக்குப் பேர்போனது. திறப்பதோடு மூடுவதையும் கற்றுத்தருவதால் எனக்கு அந்த அமைப்பின் மேல் மரியாதை உண்டு. பிசினஸ் பிளான் எழுதி, மேடையில் பேசி, பரிசு வாங்குவதோடு முடிகிற படிப்பாக இருந்தால் உங்கள் பணத்தை அதில் போட வேண்டாம். வேலையோடு சேர்த்துப் படிக்கிற சில மாதப் பயிற்சியே உங்கள் நிலைக்குப் போதும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, திருட்டுப் பயம். உங்கள் யோசனை காப்புரிமை பெறத்தக்க ஒரு கண்டுபிடிப்பு என்றால் பயத்தில் நியாயம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் பொதுவில் வெளியிட்டுவிட்டால் பல நாடுகளில் காப்புரிமை கிடைக்காமல் போகும். அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. அப்படி இருந்தால் முதலில் காப்புரிமை வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். மற்றபடி, அந்தப் பையனைப் போல நீங்கள் கேட்கப் போவது அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது, எங்கே இடிக்கிறது, அதற்கு இப்போது என்ன செய்கிறார்கள் என்பதைத்தான். அதற்கு உங்கள் தீர்வைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிரச்சினை இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிற ஐந்து பேரின் பெயரை எழுதி, இந்த வாரமே பேச ஆரம்பித்துவிடுங்கள். படிப்பில் சேர்கிற நாளுக்குள் ஐவரையும் பார்த்துவிட்டால், முதல் வகுப்பிலேயே கேட்க உங்களிடம் கேள்வி இருக்கும்.