கையில இருக்கிற காரை இப்ப விக்கலாமா? வாசகர் கேள்வி, பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் சுத்தி சுத்தி கேட்டிருக்கீங்க. செகண்ட் ஹேண்ட் கார் விலை ஏறிக்கிட்டே போகுதே, இருக்கிறதை வித்துடலாமா, வாங்கறதை தள்ளிப் போடலாமா? அதனால மத்த கேள்விகளை அடுத்த முறைக்கு வச்சுட்டு முழுக்க இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், என் கார் வாங்கி 5 வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் குடுத்ததில்ல. போன வாரம் ஒரு டீலர்கிட்ட இருந்து போன், நான் நினைச்சே பார்க்காத ஒரு விலை சொல்றாங்க. இதை வித்துட்டு கொஞ்சம் பெரிய காரா மாறிடலாம்னு வீட்ல பேச்சு ஓடுது. இந்த விலை திரும்ப வராதுன்னு வேற சொல்றாங்க. வித்துடட்டுமா?

பதில்: முதல்ல ஒண்ணு கேக்கறேன், வித்துட்டு மறுநாள் காலைல எதுல போவீங்க? உங்க கார் விலை மட்டும் தனியா ஏறலை, நீங்க வாங்க நினைக்கிற பெரிய காரும் அதே காத்துல ஏறித்தான் நிக்குது. அதனால விக்கிற விலையைப் பார்த்து சந்தோஷப்படாம, கைலேர்ந்து எவ்வளவு கூட போடணும்னு அந்த வித்தியாசத்தை மட்டும் பாருங்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நீங்க புதுசுல குடுத்த விலையை 100ன்னு வச்சுக்கோங்க. சாதாரண காலத்துல 5 வருஷம் ஓடின உங்க காருக்கு 45 கிடைக்கும், இப்ப 60 தர்றேன்னு சொல்றாங்கன்னு வைங்க. 15 லாபம் மாதிரி தெரியுது இல்ல? ஆனா நீங்க போக நினைக்கிற கார் அப்ப 80 இருந்திருக்கும், இப்ப 105. அப்ப மாறியிருந்தா கைக்காசு 35 போட்டிருப்பீங்க, இப்ப 45 போடணும். டீலர் சொன்ன 15 உங்க பாக்கெட்டுக்கு வரவே இல்ல, அதுக்கு மேல இன்னொரு 10 உங்க பாக்கெட்லேர்ந்து போகுது.

விலை ஏறுற நேரத்துல மேல போறவங்களுக்கு நஷ்டம், கீழ இறங்குறவங்களுக்குத்தான் லாபம். பிள்ளைங்க வேலைக்கு வெளியூர் போயிட்டாங்க, 7 பேர் உக்கார்ற வண்டி இனி எதுக்குன்னு சின்ன வண்டிக்கு மாறுறவங்க இருந்தா இது அவங்களுக்கு நல்ல நேரம். அதுலயும் ஒரு விஷயம் கவனிக்கணும், எல்லாரும் பட்ஜெட் பத்தாம சின்ன வண்டி பக்கம் வர்றதால சின்ன வண்டியோட விலை சில நேரம் பெரிய வண்டியை விட வேகமா ஏறியிருக்கும். ரெண்டு விலையையும் ஒரே நாள்ல விசாரிச்சு எழுதி வச்சு பாருங்க.

என் சொந்தத்துலயே ஒருத்தர் நல்ல விலை வருதுன்னு இருந்த ஒரே காரை வித்துட்டாரு, அடுத்த மாசம் இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு நினைப்பு. ஆனா அவர் கேட்ட மாடல் கிடைக்கல, கிடைச்சதுக்கு விலை படியலை, அப்படியே 5 மாசம் ஓடிடுச்சு, அந்த 5 மாசமும் அவரோட அம்மாவை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக வாடகை வண்டிதான், கடைசியா வித்த விலையை விட அதிகம் குடுத்து அதை விட பழைய வண்டியை வாங்கினாரு. அதை பக்கத்துல இருந்து பார்த்ததாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன், ஓடற வண்டி ஒழுங்கா ஓடுதுன்னா வச்சுக்கோங்க. மாறியே ஆகணும்னா, அடுத்த வண்டி கைக்கு வந்த பிறகு இதைக் குடுங்க.

கேள்வி: ஷோரூம்லதான் புது கார் இப்ப தாராளமா நிக்குதே, அப்புறம் எப்படி பழைய கார் விலை இறங்க மாட்டேங்குது? எனக்கு இது புரியவே இல்ல.

பதில்: நல்ல கேள்வி, இதுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும். 2020ல கொரோனா தொற்று வந்து எல்லாம் மூடினப்ப, இனி யார் கார் வாங்கப் போறான்னு கார் கம்பெனிங்க, காருக்குள்ள மூளை மாதிரி வேலை செய்யற எலக்ட்ரானிக் சிப்புக்கு குடுத்த ஆர்டரை கேன்சல் பண்ணாங்க. அதே நேரம் வீட்ல உக்கார்ந்த மக்கள் லேப்டாப், கேம் பெட்டின்னு வாங்கித் தள்ளினதால சிப் ஃபேக்டரிங்க அந்த பக்கம் திரும்பிடுச்சு. சில மாசத்துலயே கார் கேட்டு ஆளுங்க வந்தாங்க, ஆனா கார் கம்பெனிங்க க்யூவோட கடைசில போய் நிக்க வேண்டியதாச்சு. அது போதாதுன்னு 2021 பிப்ரவரில அமெரிக்காவுல டெக்சாஸ் பனில உறைஞ்சு அங்க இருந்த சிப் ஃபேக்டரிங்க நின்னுச்சு, மார்ச்ல ஜப்பான்ல, காருக்கு சிப் செய்யற ரெனிசாஸ் கம்பெனியோட நாகா ஃபேக்டரில தீ விபத்து. புது கார் வரலைன்னதும் எல்லாரும் பழைய கார் பக்கம் ஓடினாங்க, வழக்கமா ஓட்டின வண்டிகளை மொத்தமா விக்கிற வாடகைக் கார் கம்பெனிங்களே விக்காம பிடிச்சு வச்சுக்கிட்டாங்க. அமெரிக்க அரசு கணக்குப்படி 2021 ஜூன்ல பழைய கார் விலை அதுக்கு முந்தின வருஷ ஜூனை விட 45 சதவீதம் கூடியிருந்துச்சு. ஓட்டின காருக்கு, அதே மாடல் புதுசை விட அதிகம் கேட்டவங்களும் உண்டு.

அது முடிஞ்சு போன கதைதானேன்னு நினைப்பீங்க, முடியலை, அங்கதான் விஷயமே இருக்கு. 2020லேர்ந்து 2022 வரைக்கும் செய்யாம விட்ட லட்சக்கணக்கான கார்கள், 3 வருஷம், 5 வருஷம் கழிச்சு செகண்ட் ஹேண்டா வந்திருக்க வேண்டிய வண்டிங்க. பிறக்காத வண்டி எப்படி பழசாகி மார்க்கெட்டுக்கு வரும்? புது காரை இன்னைக்கு எவ்வளவு வேணா செஞ்சுக்கலாம், 2021 மாடலை இனிமே யாராலயும் செய்ய முடியாது. அதனால நல்லா வச்சிருந்த 4, 5 வருஷ வண்டி எங்க வந்தாலும் போட்டி. இதோட புது கார் விலையும் ஏறி நிக்குது. 2025 ஏப்ரல்ல அமெரிக்கா இறக்குமதி கார் மேல 25 சதவீத வரி போட்டப்ப, புதுசு விலை ஏறிடும்ங்கிற பயத்துலயே அங்க பழைய கார் விலையும் சேர்ந்து ஏறுச்சு.

ஏறினது இறங்காதுன்னும் நினைச்சுக்காதீங்க. அமெரிக்காவுல டீலருங்க பழைய கார் வாங்கற ஏலத்துல, 2022 ஜனவரில உச்சத்துல இருந்த விலை, அந்த வருஷ முடிவுக்குள்ள ஏறக்குறைய 15 சதவீதம் இறங்குச்சு. உச்சத்துல நீண்ட லோன் போட்டு வாங்கினவங்க நிறைய பேருக்கு, காரை வித்தாலும் லோன் அடையாத நிலைமை.

கேள்வி: வீட்ல 2 கார் இருக்கு. ஒண்ணு மாசத்துக்கு ரெண்டு தடவை எடுத்தா அதிகம். இன்னும் ஏறட்டும்னு காத்திருக்கேன். சரிதானா?

பதில்: வித்துடுங்க. நிக்கிற வண்டிக்கும் இன்சூரன்ஸ் உண்டு, பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்துல அழுந்தி கெட்டுப் போகும், ஒவ்வொரு மாசமும் வண்டிக்கு வயசு கூடும். இன்னொரு கார் வாங்க வேண்டிய அவசியமே இல்லாத உங்களுக்குத்தான் ஏறின விலை முழுசா கைக்கு வரும்.

கேள்வி: முதல் கார் வாங்கப் போறேன் அண்ணா. 3 வருஷம் ஓடின வண்டிக்கு புதுசோட விலைல 85 சதவீதம் கேக்கறாங்க. பழசே போதும்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு மனசு வரலை. காத்திருந்தா இறங்குமா?

பதில்: தம்பி, உங்க மனசு சொல்றது சரிதான். பழசு வாங்கினா மிச்சம்ங்கிறது, முதல் சில வருஷத்துல புது கார் வேகமா விலை இறங்குறதை வேற யாரோ தாங்கிட்டு நமக்கு குடுத்த காலத்து பேச்சு. இப்ப அந்த இறக்கம் நமக்கு கிடைக்கலைன்னா பழசை எதுக்கு வாங்கணும்?

5 வருஷம் வச்சிருப்பீங்கன்னு எடுத்துப்போம். புதுசு 100க்கு வாங்கி, 5 வருஷம் கழிச்சு 55க்கு வித்தா உங்களுக்கு ஆன செலவு 45, வருஷத்துக்கு 9. அந்த 3 வருஷ வண்டியை 85க்கு வாங்கினா நீங்க விக்கறப்ப அதுக்கு வயசு 8, ஒரு 38 கிடைச்சா செலவு 47, வருஷத்துக்கு 9.4. இதுல பழசுக்கு கம்பெனி வாரன்ட்டி சீக்கிரம் முடியும், வந்த உடனே டயர் மாத்த வேண்டி வரலாம், பழைய வண்டி லோனுக்கு வட்டியும் பெரும்பாலும் கூடுதல். அதே வண்டி 65க்கு கிடைச்சா செலவு 27தான், வருஷத்துக்கு 5.4. அப்ப கண்ணை மூடிக்கிட்டு பழசுன்னு சொல்வேன். இந்த 55, 38 எல்லாம் நான் உதாரணத்துக்கு வச்சதுதான், நீங்க பார்க்கிற மாடல்ல 5 வருஷம், 8 வருஷம் ஓடின வண்டி இன்னைக்கு என்ன விலைக்கு போகுதுன்னு விசாரிச்சு அந்த இடத்துல போட்டுக்கோங்க.

புதுசுக்கு காசு பத்தலைன்னா 3 வருஷ வண்டியை விட்டுட்டு 6, 7 வருஷ வண்டியா தேடுங்க, பெருசா விலை இறங்க வேண்டியது அதுல ஏற்கனவே இறங்கியிருக்கும். காத்திருக்கிறதைப் பத்தி கேட்டீங்க. இப்ப போய் வர வழி இருக்கு, அதுக்கு பெரிய செலவும் இல்லைன்னா காத்திருங்க, அந்த நேரத்துல கைக்காசு சேருங்க, லோன் சின்னதாகும். தினமும் வேலைக்குப் போக வண்டி இல்லாம திண்டாடுறீங்கன்னா விலை இறங்கும்னு நாள் எண்ணாதீங்க, உங்க பட்ஜெட்டுக்குள்ள சின்னதா ஒண்ணு வாங்கி ஓட்டுங்க. ஒண்ணு மட்டும் வேண்டாம், மாசத் தவணை குறையுதேன்னு 7 வருஷ லோன் போடாதீங்க.

கேள்வி: பார்க்கிறதெல்லாம் பளபளன்னு இருக்கு, எதை நம்பி வாங்கறதுன்னே தெரியலை. மெக்கானிக்கை கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நாமளே பார்க்க ஏதாவது வழி சொல்லுங்க சார்.

பதில்: கட்டாயம் சொல்றேன், ஏன்னா விலை ஏறுற காலத்துலதான் உடைக்கப் போட வேண்டிய வண்டியெல்லாம் பாலிஷ் போட்டு விக்க வருது.

என்னையே ஏமாத்திருக்காங்க. பல வருஷம் முன்னாடி, மீட்டர்ல 40,000 கிலோமீட்டர் காட்டின ஒரு வண்டியை வாங்கினேன். வீட்டுக்கு வந்து ரெண்டாவது நாள், செருப்பை கழட்டிட்டு ஓட்டினப்பதான் கால்ல தட்டுப்பட்டுச்சு, பிரேக் பெடல் ரப்பர்ல கோடு கோடா இருக்க வேண்டிய இடம் மொழுமொழுன்னு தேய்ஞ்சு, வலது ஓரத்துல இரும்பே தெரியுது. 40,000த்துல அப்படி தேயாது. மீட்டரை குறைச்சு வச்சவங்களுக்கு பெடலை மாத்தணும்னு தோணலை, எனக்கும் வாங்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பார்க்கணும்னு தோணலை. அதுலேர்ந்து முதல்ல பெடல், அப்புறம் ஸ்டியரிங், டிரைவர் சீட்டோட ஓரம், இந்த மூணையும் பார்த்துட்டுத்தான் மீட்டரையே பார்ப்பேன்.

டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும், 2319ன்னா 2019ம் வருஷம் 23வது வாரத்துல செஞ்சதுன்னு அர்த்தம். 2021 கார், ஓடினது 20,000 கிலோமீட்டர்தான்னு சொல்லிட்டு நாலு டயரும் 2024ல செஞ்சதா இருந்தா ஏன் மாத்தினாங்கன்னு கேளுங்க. வெள்ளத்துல நின்ன வண்டியான்னு பார்க்க, சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுங்க. மேல தெரியற துண்டை கழுவிடுவாங்க, உள்ள சுருண்டு கிடக்கிற கடைசி முழத்துல சேறு கோடு அப்படியே இருக்கும், மோந்து பார்த்தாலும் தெரியும். நான் வரும்போது இன்ஜின் குளிர்ந்து இருக்கணும்னு முன்னாடியே சொல்லி வைங்க, போய் பானெட் மேல கை வைங்க, சூடா இருந்தா காலைல ஸ்டார்ட் ஆகற லட்சணத்தை நீங்க பார்த்துடக் கூடாதுன்னு ஏற்கனவே ஓட்டி வச்சிருக்க வாய்ப்பு உண்டு. இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பி வந்துடுங்க. வண்டியை பகல் வெளிச்சத்துலதான் பார்க்கணும், கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும்.

இதெல்லாம் பார்த்து திருப்தியான பிறகு மெக்கானிக், அதுவும் விக்கிறவங்க காட்டுற ஆள் இல்ல, உங்க ஆள். இன்னொருத்தர் பார்க்க வர்றாரு, உடனே அட்வான்ஸ் குடுங்கன்னு அவசரப்படுத்தினா அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: பெட்ரோல் கார் எல்லாம் ஏறி கிடக்கு, ஆனா ஓட்டின எலக்ட்ரிக் கார் மட்டும் விலை குறைவா இருக்கே. துணிஞ்சு வாங்கலாமா?

பதில்: புது எலக்ட்ரிக் கார் விலையை கம்பெனிங்களே குறைச்சதால பழசும் சேர்ந்து இறங்குச்சு. 2023 ஜனவரில டெஸ்லா பெருசா விலையை குறைச்சது, 2024 ஜனவரில ஹெர்ட்ஸ்ங்கிற அமெரிக்க வாடகைக் கார் கம்பெனி கிட்டத்தட்ட 20,000 எலக்ட்ரிக் கார்களை விக்கப் போறதா சொன்னது, இதெல்லாம் அந்த விலையை இன்னும் அழுத்துச்சு. வீட்ல சார்ஜ் பண்ற வசதி இருந்து, தினமும் ஒரே தூரம் போய் வர்றவங்களா இருந்தா நல்ல வாய்ப்புன்னுதான் சொல்வேன். ஆனா விலைல பெரிய பங்கு பேட்டரிக்குத்தான், அதனால அதோட ஆரோக்கியம் எத்தனை சதவீதம்னு சர்வீஸ் சென்டர்ல எடுத்த ரிப்போர்ட் இல்லாம பேச்சையே ஆரம்பிக்காதீங்க. பல கம்பெனிங்க பேட்டரிக்கு 8 வருஷ வாரன்ட்டி தர்றாங்க, அதுல எத்தனை வருஷம் பாக்கி, ரெண்டாவது ஓனருக்கு அது செல்லுமாங்கிறதை எழுத்துல வாங்கிக்கோங்க.

கேள்வி: விக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா லோன் இன்னும் பாக்கி இருக்கு. ஆன்லைன்ல ஒரு விலை காட்டுறாங்க, நேர்ல வந்து பார்த்துட்டு குறைக்கிறாங்க. என்ன பண்றது?

பதில்: ஆன்லைன்ல வர்றது உங்களை வரவழைக்கிற விலைம்மா, அதை கணக்குல எடுக்காதீங்க. மூணு பேரை ஒரே நாள்ல நேர்ல வரச் சொல்லுங்க, ஒருத்தர் பார்க்கிறது இன்னொருத்தருக்கு தெரியட்டும். சர்வீஸ் பில் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி ஒரு ஃபைல்ல வச்சுட்டீங்கன்னா, குறைக்க காரணம் தேடறவங்களுக்கு வேலை கஷ்டமாகும். சின்னச் சின்ன கீறலுக்கெல்லாம் பெயின்ட் அடிக்காதீங்க, புது பெயின்ட்டை பார்த்தாலே ஆக்சிடென்ட் வண்டியோன்னு சந்தேகப்படுவாங்க.

லோன் பாக்கி எவ்வளவு, முன்கூட்டியே அடைச்சா தனி கட்டணம் உண்டான்னு பேங்க்ல எழுத்துல வாங்குங்க, அதைக் கழிச்ச பிறகு நிக்கிறதுதான் உங்க விலை. பணம் அக்கவுன்ட்ல ஏறினதை நீங்களே பார்த்த பிறகு சாவியை குடுங்க, பேர் மாத்துற பேப்பர்ல கையெழுத்தாகி அதோட காப்பி உங்க கைக்கு வர்ற வரைக்கும் இன்சூரன்ஸை நிறுத்தாதீங்க, ஏன்னா பேர் மாறாத வண்டி எங்கயாவது போய் இடிச்சா தேடிக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க.