ஆளுக்கொரு கருவி, எல்லாருக்கும் ஒரே சந்திப்பு

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கும் நாங்கள் பதினெட்டுப் பேர் மாதம் ஒருமுறை, ஞாயிறு இரவு 8 மணிக்கு இணையத்தில் கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசுகிறோம். ஒன்றரை மணி நேரம் ஆகும். முன்பு ஸ்கைப்பில் கூடினோம். அதை மூடிய பிறகு ஆளுக்கொரு செயலியைச் சொல்கிறார்கள். எங்களிடம் விண்டோஸ், மேக்புக், ஐபேட், ஆண்ட்ராய்டு எல்லாம் உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் வைத்திருக்கிறார். சில மாதங்களில் சென்னையிலிருந்து பேச்சாளரும் சேர்வார். எது எல்லாருக்கும் ஒத்துவரும்? செலவு குறைவாக இருக்கவேண்டும்.

பதில்: ஸ்கைப் 2025 மே 5-ஆம் தேதி மூடப்பட்டதிலிருந்து இதே கேள்வி பல வடிவில் வருகிறது. பொதுவாகக் குழுவில் கணினி நன்றாகத் தெரிந்தவர்தான் தேர்ந்தெடுப்பார். அங்கேதான் கோளாறு. உங்கள் குழுவில் ஐபேட் தவிர வேறெதையும் தொடாத மூத்தவர் ஒருவர் இருப்பார் அல்லவா? அவரை மனத்தில் வைத்துத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டி, பெயரைப் போட்டு, அவர் உள்ளே வந்துவிட வேண்டும். கணக்குத் திறக்கச் சொன்னால், மறைச்சொல் கேட்டால், வாசலோடு திரும்பிவிடுவார்.

முதலில் கழித்துவிட வேண்டியவை. ஃபேஸ்டைமில் 2021 முதல் ஆண்ட்ராய்டு, விண்டோஸ்காரர்களும் உலாவி வழியாகச் சேரலாம். ஆனால் இணைப்பை உருவாக்க ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்தான் வேண்டும். அவர் ஊருக்குப் போன மாதம் கூட்டம் கிடையாது. வாட்ஸ்அப் காணொளி அழைப்பு 32 பேரைத் தாங்கும். ஆனால் பேச்சாளரின் எண் பதினெட்டுப் பேருக்கும் தெரிந்துவிடும், உபுண்டுவுக்கென்று செயலியும் இல்லை. டீம்ஸ் தன் லினக்ஸ் செயலியை 2022 இறுதியில் நிறுத்திவிட்டது, இப்போது உலாவியில்தான். அலுவலகக் கணக்கு எது, சொந்தக் கணக்கு எது என்று பாதிப் பேர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். நூல் பேசும் குழுவுக்கு அது வேண்டாம்.

ஜிட்சி மீட் இலவசம், திறமூலம் (நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம்). கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. அறையைத் திறப்பவர் மட்டும் உள்நுழைந்தால் போதும். உபுண்டு மாணவர் இதற்குத்தான் கை தூக்குவார். ஏழெட்டுப் பேர் என்றால் நானும் தூக்குவேன். பதினெட்டு முகங்கள் ஒரு பழைய ஐபேடில் ஓடுமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஆக, கூகல் மீட் அல்லது ஸூம். இரண்டும் இலவசக் கணக்கிலேயே நூறு பேரைச் சேர்க்கும். இடிப்பது நேரம்தான்: மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடினால் மீட்டில் 60 நிமிடம், ஸூமில் 40. என் தேர்வு ஸூம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஐந்துக்கும் செயலி உண்டு. சேர்பவருக்குக் கணக்கே தேவையில்லை. பணம் கட்டவேண்டியவர் கூட்டம் நடத்துபவர் ஒருவர்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே ஒரு மாதச் சந்தா, பதினெட்டால் வகுத்தால் ஆளுக்கு ஒரு கோப்பிக் காசு. அதுவும் வேண்டாமென்றால் மீட்டில் 8 மணிக்கு ஓர் இணைப்பு, 9 மணிக்கு இன்னோர் இணைப்பு என்று இரண்டையும் முன்பே அனுப்பிவிட்டு நடுவில் தேநீருக்கு விடுங்கள். ஐஃபோன், ஐபேட்காரர்கள் மீட் செயலியையும் ஜிமெயில் கணக்கையும் முதல் நாளே தயார் செய்துகொள்ளட்டும்.

மென்பொருளைவிட அதிகம் காலை வாருவது அனுமதிகள். மேக்கில் திரையைப் பகிர முதன்முறை அழுத்தும்போது அது காட்டாது. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய், ஸ்கிரீன் ரெக்கார்டிங் (புதிய மேக்கில் ஸ்கிரீன் அண்ட் சிஸ்டம் ஆடியோ ரெக்கார்டிங்) என்ற இடத்தில் ஸூமின் பெயருக்கு எதிரே உள்ள பொத்தானைத் திறக்கவேண்டும். திறந்ததும் செயலியை மூடித் திறக்கச் சொல்லும். அதாவது, பேச்சின் நடுவில் அவர் கூட்டத்தைவிட்டு வெளியே விழுவார். இதை வெள்ளிக்கிழமையே செய்துவிடச் சொல்லுங்கள். உபுண்டுவில் செயலி திரையைப் பகிர மறுத்தால், உலாவி வழியாகச் சேர்ந்து பகிர்ந்து பார்க்கலாம். பழைய வானொலிப் பேச்சு எதையாவது போட்டுக்காட்டுவதாக இருந்தால், பகிரும் சிறு சன்னலில் ஒலியையும் பகிர்வதற்கான கட்டத்தில் குறியிடுங்கள். இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்காது.

பேச்சாளர் சிலைடுகளை உங்களுக்கு அனுப்பி, நீங்களே காட்டச் சொன்னால் கவனம். யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் செய்திருந்தால் உங்கள் கணினியில் கோழி கிளறியதுபோல் தெரியும். பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள், அல்லது அவரே தன் திரையைப் பகிரட்டும். நம் 8 மணி அவருக்கு மாலை 5.30 என்பதையும் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஒரே வீட்டில் கணவர் ஐபேடிலும் மனைவி கைப்பேசியிலும் சேர்ந்தால் ஊளைச்சத்தம் கிளம்பும். என் அத்தை வீட்டில் போன மாதம் இதுதான் நடந்தது. செயலியைத் திட்டித் தீர்த்தார்கள். ஒரு கருவியின் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி இரண்டையும் அணைத்தால் அடங்கிவிடும். செயலி நிறுவவே தயங்கும் மூத்தவர்களுக்குச் சில சமூக மன்றங்களில் மின்னிலக்கத் தூதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள்.

காத்திருப்பு அறையை மட்டும் அணைத்துவிடாதீர்கள். 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்து கற்றல் நடந்தபோது, அழையாத ஆட்கள் பாடத்துக்குள் புகுந்ததால் நம் கல்வி அமைச்சு ஆசிரியர்கள் ஸூம் பயன்படுத்துவதையே சிறிது காலம் நிறுத்திவைத்தது. சந்தா கட்டிய கணக்கில் இன்னொருவரை இணை நடத்துநராக்கலாம். வாசலில் நிற்பவர்களைப் பெயர் பார்த்து உள்ளே விடும் வேலையை அந்த உபுண்டு மாணவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் நூலைப் பேசுங்கள்.