தொடரிணைப்பா, பக்க இணைப்பா?

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டியுள்ள எங்கள் வீட்டுக்கு 100 வாட் சோலார் பேனல்கள் இரண்டும், 12 வோல்ட் பேட்டரியும், பேட்டரிக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சாதாரண பி.டபிள்யூ.எம். சார்ஜ் கன்ட்ரோலரும் வாங்கியுள்ளோம். கிழக்கே சில்வர் ஓக் மரங்கள் இருப்பதால், காலையில் ஒரு பேனலின் மீது மட்டும் நிழல் விழுகிறது. பேனல்களை எப்படி இணைப்பது? – வாசகி ஒருவர், நீலகிரி மாவட்டம்.

பதில்: உங்கள் வீட்டுக்குப் பக்க இணைப்பே பொருத்தம், அதாவது பிளஸ்ஸுடன் பிளஸ்ஸையும், மைனஸ்ஸுடன் மைனஸ்ஸையும் சேர்க்க வேண்டும்.

ஒரு சிலிக்கான் செல், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஏறத்தாழ அரை வோல்ட்தான் தரும். அதனால்தான் 12 வோல்ட் பேனலுக்குள் 36 செல்களைத் தொடராக, அதாவது ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸ்ஸுடன் இணைத்து, வெயிலில் சுமார் 18 வோல்ட் கிடைக்கும்படி செய்கிறார்கள். தொடரில் வோல்ட் கூடும். ஆனால் எல்லாச் செல்களிலும் ஒரே மின்னோட்டம்தான் பாய முடியும் என்பதால், பனியில் நனைந்து ஒட்டிக்கொண்ட சில இலைகள் ஒரே ஒரு செல்லைப் பாதி மறைத்தாலும் அந்த வரிசை முழுவதன் ஆம்பியரும் குறைந்துவிடும். பேனலில் உள்ள பைபாஸ் டயோடு என்ற மாற்றுவழிப் பாகம் அந்த வரிசையைத் தாண்டி மின்னோட்டத்தை விடும். ஆனால் அந்த வரிசையின் வோல்ட் போனது போனதுதான். பக்க இணைப்பில், நிழலில் உள்ள பேனல் தன் பங்கை மட்டுமே இழக்கும். மற்றது முழு வேலை செய்யும். மூடுபனியோ இரண்டையும் ஒன்றுபோலவே மங்கச் செய்வதால், அதை வைத்து இணைப்பை முடிவு செய்ய வேண்டியதில்லை.

உங்கள் கன்ட்ரோலரும் இதையே கேட்கிறது. அது பேனலின் வோல்ட்டை பேட்டரியின் அளவுக்கு இழுத்துவிடும். ஆகவே தொடரில் 36 வோல்ட், 5.5 ஆம்பியர் கிடைத்தாலும் பேட்டரிக்குச் செல்வது அதே 5.5 ஆம்பியர்தான், பாதிக்கு மேல் வீண். பக்க இணைப்பிலோ 11 ஆம்பியர் செல்லும்.

பிற்காலத்தில், கூடுதல் வோல்ட்டை வீணாக்காமல் ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வாங்கித் தொடருக்கு மாறினால், மலைக்குளிரையும் கணக்கில் கொள்ளுங்கள். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் பேனலின் வோல்ட் சுமார் 0.3 சதவீதம் உயரும். சுமை இல்லாதபோது 44 வோல்ட் காட்டும் ஜோடி, உறைபனிக் காலையில் 47-ஐத் தொடும். அங்கே 50 வோல்ட் வரம்புள்ள கருவியை வைப்பது சரியல்ல.

பக்க இணைப்புக்குத் தடித்த வயர் வேண்டும். கூரையிலிருந்து பேட்டரி 10 மீட்டர் தள்ளியிருந்தால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஏறத்தாழ 1.5 வோல்ட் வழியிலேயே வீணாகும். 6 சதுர மில்லிமீட்டரில் 0.6 வோல்ட்தான். இணைக்கும்போது பேனல்களைத் தடித்த துணியால் மூடி, கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் பிறகு பேனலையும் இணையுங்கள்.