ஒரு மூக்குக்கண்ணாடியின் விலை

அன்புள்ள ஐயா,

ஐரோப்பாவில் சமூக ஜனநாயகத்தை, அதாவது முதலாளித்துவத்துக்குள்ளேயே மருத்துவம், உதவித்தொகை போன்றவற்றை மக்களுக்கு அரசு உறுதிசெய்யும் முறையை, வீழ்த்தியது 1979இல் பிரிட்டனின் பிரதமராக வந்த வலதுசாரி தாட்சரா, 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததா? கம்யூனிசம் பற்றிய அச்சம் நீங்கியதும், கொடுத்ததை முதலாளிகள் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சோவியத்தை விடுங்கள். எல்லாப் பூட்டுக்கும் அந்த ஒரே சாவியைப் போட்டுப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். “கொடுத்ததை” என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யார் கொடுத்தது? வேல்ஸில் ட்ரெடிகர் என்ற ஊரின் நிலக்கரித் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் சிறு தொகை போட்டு மருத்துவச் சங்கம் நடத்தினார்கள். அங்கே பிறந்து, 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன்தான், சுகாதார அமைச்சராக, 1948இல் அதை நாடு முழுமைக்கும் விரித்தார். எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்ற அந்த அரசுத் திட்டம்தான் தேசிய சுகாதாரச் சேவை. கோபப்படுங்கள், கொஞ்சம் படித்துவிட்டு.

என் பாட்டி, இறந்துபோன தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அரிசியில் கல் பொறுக்குவாள். தெரிகிறதா என்று கேட்டால், “அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா” என்பாள். பிரிட்டனிலும் அன்றைய ஏழைகள் வுல்வொர்த் கடையில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஏதோ தெரிகிற ஒன்றை வாங்கிப்போனவர்கள்தான். தேசிய சுகாதாரச் சேவை வந்த முதல் ஆண்டிலேயே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் இலவசமாகப் போய்ச் சேர்ந்தன. ஊதாரித்தனம் என்றார்கள். அத்தனை பேரும் எத்தனை காலம் மங்கலாகவே பார்த்துவந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொரியப் போர் நடந்த சமயம். ஆயுதங்களுக்கு மூன்றாண்டுகளில் 470 கோடி பவுண்டு என்று முடிவானது. 1951 ஏப்ரலில், கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் மக்கள் பாதி விலை கொடுக்க வேண்டும் என்றார் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல். அந்த ஆண்டில் அதனால் மிச்சமாகக்கூடியது 1.3 கோடி! பெவன் அமைச்சர் பதவியை விட்டெறிந்தார். (மருந்துச்சீட்டுக் கட்டணத்துக்கு 1949இல் அவரும் தலையசைத்தவர்தான். அதை மறைக்க நான் அவருடைய வக்கீல் அல்ல.) கெய்ட்ஸ்கெல் எந்தக் கட்சி? பெவனின் அதே தொழிற்கட்சி, பிரிட்டனின் சமூக ஜனநாயகக் கட்சி. தாட்சர் அப்போது, ஒரு தேர்தலில் தோற்றிருந்த 25 வயதுப் பெண்.

ஜெர்மனியில் 2003இல் வேலையிழந்தோர் உதவித்தொகையில் கைவைத்த அன்றைய ஆட்சித் தலைவர் ஷ்ரோடரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்தான். பிடுங்கிய கைகளைத் தேடுகிறவர் முதலில் சொந்த வீட்டுக்குள் பார்க்க வேண்டாமா?

நீங்கள் கேட்டது 1979ஐப் பற்றி என்பது எனக்கு நினைவிருக்கிறது. நான்தான் 1951ஐத் தாண்டவில்லை. மறுபடி எழுதுங்கள், “கொடுத்தது” என்ற சொல் இல்லாமல்.