கருப்புத் தோலுக்குப் புற்றுநோய் வராதா? என் அப்பாவின் குதிகாலை வைத்து ஒரு பதில்

கேள்வி: "அம்மாவுக்கு 64 வயது. நல்ல கருப்பு நிறம். உள்ளங்காலில் ஒரு கருப்புப் புள்ளி இருக்கிறது, வலி இல்லை. தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவதுதானே? சிங்கப்பூரில் இதற்காக டாக்டரிடம் போவது வீண் செலவா?"

வீண் செலவு இல்லை. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் "வெள்ளைக்காரர்களுக்கு வருவதுதானே" என்ற வரியைப் படித்த பிறகு என்னால் அப்படியே தாண்டிப் போக முடியவில்லை. இதையே எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னோம். ஒரு டாக்டரும் சொன்னார்.

என் அப்பா 1978இலிருந்து 2003 வரை, நடுவில் ஓரிரு வருடம் தவிர, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவிலில் தீ மிதித்தவர். தம்பிக்காக வேண்டிக்கொண்டது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து ஊர்வலத்தோடு வெறுங்காலில் நடந்து வந்து, பூக்குழி இறங்கி, பால்குழியில் கால் வைத்து அவர் ஏறும்வரை அம்மா ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார். அப்பாவின் வலது குதிகாலில், உட்பக்கமாக, ஒரு கருப்புத் திட்டு இருந்தது. எப்போது வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "தழும்பும்மா, ஆத்தா போட்ட முத்திரை" என்பார். நாங்களும் அப்படியே நம்பினோம்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தீமிதியால்தான் நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. எந்த டாக்டரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை. பக்தியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நானே மூன்று முறை அதே கோவிலில் கும்பிடுதண்டம் போட்டவள். தழும்பு என்று ஒரு பெயர் வைத்துவிட்டதால் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

2017இல் அது புளியங்கொட்டை அளவுக்கு வந்திருந்தது. நான் எதையோ படித்துவிட்டுப் பயந்து, அப்பாவை வீட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுக் கால் ஆணி என்றார். "புற்றுநோயாக இருக்குமா?" என்று கேட்டேன். "உங்கள் நிறத்துக்கு அது வராது, கவலைப்படாதீர்கள்" என்று அன்பாகத்தான் சொன்னார். கால் ஆணி பிளாஸ்டர் எழுதிக் கொடுத்தார். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அந்தப் பிளாஸ்டரை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

2018 கடைசியில் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாலிகிளினிக்கில், அதாவது அரசாங்க மருந்தகத்தில், வருடம் ஒருமுறை பாதத்தைப் பார்ப்பார்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார்கள். 2019இல் அப்பாவுக்கு அது முதல் முறை. பார்த்தவர் ஒரு மலாய்த் தாதி, சின்னப் பெண். அப்பா பழைய வழக்கப்படி அவரை "மிஸி" என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பெண் பிளாஸ்டரைப் பிரித்தார். "அங்கிள், இது எவ்வளவு நாளாக இருக்கிறது?" என்று கேட்டார். அப்பா தழும்புக் கதையைச் சொன்னார். அந்தப் பெண் விடவில்லை. விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு டாக்டரைப் போய் அழைத்து வந்தார். ஒரு ஓரம் கருகரு என்று, இன்னொரு ஓரம் சாம்பல் கலந்த பழுப்பு, விளிம்பு கடற்கரை மாதிரி ஒழுங்கில்லாமல் இருந்தது. பல வருடமாக நாங்கள் பார்த்த அதே திட்டுதான். அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

அங்கிருந்து தோல் நிபுணர். அவர் கையடக்கமான ஒரு பூதக்கண்ணாடிக் கருவியைக் குதிகாலில் வைத்துப் பார்த்துவிட்டு, திரையில் எங்களுக்கும் காட்டினார். கைவிரலில் ரேகை இருப்பது போல உள்ளங்காலிலும் ரேகை உண்டு. ரேகையின் பள்ளத்தில் கருப்பு ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் ஓடினால் சந்தேகப்பட வேண்டும். அப்பாவுக்கு மேட்டில் ஓடியது. மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துண்டு எடுத்து அனுப்பினார்கள். மெலனோமா என்று முடிவு வந்தது, தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய். தடிமன் 0.6 மில்லிமீட்டர்.

அந்த 0.6 என்ன என்று அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரியும். மெலனோமா எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதுதான் முக்கியம். பிரெஸ்லோ என்ற நோயியல் மருத்துவர் 1970இல் சொன்ன அளவு முறை அது, இன்றும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி எடுத்துவிடுகிறார்கள். 0.8க்குக் கீழே, மேலே புண்ணாகாமல் இருந்தால் நோய் பரவியிருக்கிறதா என்று நிணநீர்க் கணுக்களைச் சோதிக்கக்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. அப்பாவுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்துக் குதிகாலில் ஒட்டினார்கள். சர்க்கரை இருந்ததால் ஆற மூன்று மாதம் பிடித்தது, பாத்ரூமுக்கு நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். கீமோ இல்லை, கதிர்வீச்சு இல்லை. பரிசோதனைக்குக் காத்திருந்த ஒரு நாளில் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா இருந்தார். கால் கட்டைவிரல் நகத்தடியில் கருப்புக் கோடு, பூஞ்சை என்று மூன்று வருடம் மருந்து தடவியிருக்கிறார். தொடை இடுக்கில் கட்டி வந்த பிறகுதான் தெரிந்ததாம். அவரும் நம் நிறம்தான். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் அந்த முகம் மறக்கவில்லை.

அமெரிக்கக் கணக்குப்படி மெலனோமா பரவாமல் அதே இடத்தில் இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருடம் பிழைத்திருப்பவர்கள் நூற்றுக்கு 99க்கு மேல். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் சுமார் 35. உள்ளங்கால் வகைக்கு இந்தக் கணக்கு இவ்வளவு நன்றாக இருக்காது, தாமதமாகத் தெரிவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இனி, நமக்கு வருமா என்பது. தோல் புற்றுநோய் நமக்குக் குறைவு என்பது உண்மைதான். சிங்கப்பூரிலும் சீனர்களைவிட நமக்கும் மலாய்க்காரர்களுக்கும் குறைவு. தோலுக்குக் கருப்பு நிறம் தரும் மெலனின் வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது. ஆனால் நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா வந்தால் அதிகம் வரும் இடம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. அதற்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, சன்ஸ்கிரீன் பூசித் தடுக்கவும் முடியாது. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் நகத்தடியில்தான் கண்டுபிடித்தார்கள், முதலில் பந்தாட்டக் காயம் என்று நினைத்திருந்தார்கள். 1981இல் 36 வயதில் போய்விட்டார். காயம், தழும்பு, ஆணி, பூஞ்சை என்று நம் கால்களில் அதற்கு எத்தனை பெயர்கள்.

நம் வீடுகளில் தோலைப் பற்றிப் பேசாமலா இருக்கிறோம்? என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஒரு அத்தை என் அம்மாவின் முகத்துக்கு நேராகவே "படிப்பு சரி, நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்றார். எனக்கு அப்போது 24 வயது. அதன் பிறகு வீட்டில் கடலை மாவு, பாலாடை, யாரோ கொண்டுவந்து கொடுத்த பெயர் தெரியாத கிரீம். அந்தக் கிரீமில் கன்னம் எரிந்து இரண்டு வாரம் வேலைக்குப் போகமுடியவில்லை. என் முகத்தை இத்தனை பேர் இத்தனை வருடம் உற்றுப் பார்த்தார்கள். அப்பாவின் பாதத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று தோன்றலாம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வலிக்கிறது.

இதைப் படித்துவிட்டுச் சிலர், "மச்சம் உள்ள எல்லோரையும் பயமுறுத்துகிறாய்" என்பார்கள். இல்லை. நான் டாக்டரும் இல்லை. ஒரு அறிகுறியும் இல்லாதவர்களுக்கு உடல் முழுக்கத் தோல் பரிசோதனை செய்வதால் நன்மையா இல்லையா என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2023இல் சொன்னது எனக்கும் தெரியும். இங்கே அரசாங்கத்தின் நோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வரும் புற்றுநோய்ப் பரிசோதனைகள் மார்பகம், கருப்பை வாய், பெருங்குடல் ஆகியவைதான், தோல் இல்லை. அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் அம்மாவின் நிலைமை வேறு. கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளி இருக்கிறது, அது எப்போது வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாக உங்களுக்கும் தெரியாது. "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லி அம்மா காலை இழுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். என் அப்பா அப்படித்தான் செய்தார்.

அதனால் இன்று ராத்திரி அம்மாவின் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கையும் நகங்களையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பத்துக் காசு வைத்துப் படம் எடுங்கள், பெரிதாகிறதா என்று பின்னால் ஒப்பிட உதவும். வடிவம் கோணலாக இருந்தாலோ, இரண்டு மூன்று நிறம் கலந்திருந்தாலோ, ஆறாத புண்ணாக இருந்தாலோ, நகத்துக் கருப்பு பக்கத்துத் தோலுக்குப் பரவியிருந்தாலோ கண்டிப்பாகச் சொல்லுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் காட்டுங்கள். பாலிகிளினிக் வழியாகப் போனால் நிபுணரிடம் மானியக் கட்டணத்தில் அனுப்புவார்கள், மண்டலே சாலையில் இருக்கும் தேசியத் தோல் நிலையத்துக்கும் அப்படிப் போகலாம். அப்பாவுக்கு மூத்த குடிமக்களுக்கான சலுகை அட்டையான முன்னோடித் தலைமுறை அட்டை இருந்தது, அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு கைகொடுத்தது. டாக்டர் எட்டி நின்று பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றால், கருவி வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம். 2017இல் நான் கேட்கவில்லை.

அப்பாவுக்கு இப்போது 78. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதத்தையும் தொடை இடுக்கையும் பார்க்கிறார்கள், இதுவரை ஒன்றுமில்லை. ஐப்பசியில் கோவிலுக்குப் போய், பூக்குழி தெரியும் இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

படத்தை எடுத்த பிறகு இங்கே போட்டு அபிப்பிராயம் கேட்காதீர்கள். நேராக டாக்டரிடம் கொண்டுபோங்கள். முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.