போட் மெயில் போன வழி: கேள்விகளும் என் பதில்களும்

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து, போட் மெயில் ஓடிய பழைய லைனைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. போட் மெயில் என்றால், சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து இலங்கைக் கப்பலைப் பிடித்த ரயில். நான் ரயில்வேக்காரன் அல்ல. மண்டபத்தில் பிறந்து தண்டவாளத்தைப் பார்த்தே வளர்ந்தவன், பழைய அட்டவணையும் வரைபடமும் கிடைத்தால் விடமாட்டேன், அவ்வளவுதான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பரமக்குடியிலிருந்து ஒரு தம்பி: எழும்பூரில் ஏறினால் இறங்காமலே கொழும்பு போகலாம் என்று தாத்தா சொல்வார். ரயில் பெட்டியையே கப்பலில் ஏற்றினார்களா அண்ணே?

இல்லை தம்பி. தாத்தா சொன்னதில் டிக்கெட் நிஜம், பெட்டி கதை. எழும்பூரிலேயே கொழும்பு கோட்டை வரைக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். ஆனால் தனுஷ்கோடியில் இறங்கி, சுங்கச் சோதனையெல்லாம் முடித்து, கப்பல் ஏறி, தலைமன்னாரில் வேறு ரயிலில் உட்கார வேண்டும். பெட்டியை ஏற்றியிருந்தாலும் அந்தப் பக்கம் ஓடியிருக்காது. நம் பக்கம் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்; இலங்கையில் அகலப் பாதை, ஐந்தரை அடி. கணக்கு இப்படி: மாலையில் எழும்பூர், மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி, இரவு தலைமன்னாரில் ரயில், அதற்கு மறுநாள் காலை கொழும்பு.

1914க்கு முன் போட் மெயில் இந்தப் பக்கமே வரவில்லை, தூத்துக்குடிக்குப் போனது. கொழும்புக்கு அங்கிருந்து கப்பல், ராத்திரி முழுக்கக் கடல். பாம்பனில் பாலம் கட்டியதே அந்தக் கடல் பயணத்தை 22 மைலாகச் சுருக்கத்தான். ராமேஸ்வரம் யாத்திரைக்காகப் பாலம் கட்டினார்கள் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் மனம் வருந்தலாம்.

உச்சிப்புளி ஆசிரியை ஒருவர்: தனுஷ்கோடி ரயில் ராமேஸ்வரம் ஸ்டேஷன் வழியாகத்தானே போயிருக்கும்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், டீச்சர். பாலம் இறங்கியதும் பாம்பன் ஜங்ஷன். அங்கே லைன் இரண்டாகப் பிரியும். ஒன்று ராமேஸ்வரத்துக்கு, சுமார் ஆறேகால் மைல். இன்னொன்று தனுஷ்கோடிக்கு, 15 மைல். கப்பலுக்குப் போகிற ரயில் ராமேஸ்வரம் ஊருக்குள் நுழையவே வேண்டாம். இன்றைக்கு ராமேஸ்வரம் கடைசி ஸ்டேஷனாக இருப்பதால் அதுதான் மெயின் லைன் என்று தோன்றுகிறது. அன்றைக்கு அது கிளை.

அப்துல் கலாம் தன் சிறுவயதைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? இரண்டாம் உலகப்போர் சமயம் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். இந்தத் தனுஷ்கோடி லைனில், ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள், அதைப் பொறுக்கும் வேலை அவருக்கு.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி: எங்கள் வாப்பாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார்கள். அவர்கள் பெட்டியில் ஓர் அட்டை டிக்கெட் கிடைத்தது. ‘தலைமன்னார் பியர்’ என்று இருக்கிறது. பியர் என்றால் என்ன ஊர்?

ஊர் இல்லைம்மா, கப்பல் துறை. கடலுக்குள் நீளும் பாலத்தடியிலேயே ஒரு ஸ்டேஷன். தலைமன்னாரில் இன்றும் அதே பெயர். டிக்கெட்டை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். ஒருமுறை நான் செய்து, ஒன்றைப் பாழாக்கினேன். சூட்டில் எழுத்தே மங்கிப்போனது.

தொண்டியிலிருந்து: இந்த ரயிலில் அதிகம் போனது யார்? வியாபாரிகளா, துரைமார்களா?

படங்களில் தொப்பி போட்ட துரைதான் தெரிவார். கூட்டம் என்னவோ தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள். உங்கள் தொண்டிக்கே இதில் பங்கு உண்டு. ரயில் வருவதற்கு முந்தின நூற்றாண்டில் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் பக்கங்களிலிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். பிறகு இலங்கை அரசு போட்ட மன்னார் லைன், மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு, சுமார் 106 கிலோமீட்டர். அந்தப் பழைய நடைபாதையும் மதவாச்சி வழியாகத்தான் போனது.

ரயில் வந்த பிறகும் நேராகப் போய்விட முடியாது. மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு தடுப்பு முகாம் வைத்திருந்தது, இந்திய மண்ணில். அம்மை, காலரா இல்லை என்று தெரியும் வரை சில நாள் அங்கே அடைத்துவைத்து, அம்மை குத்தி, அப்புறம்தான் கப்பல். ‘மண்டபம் கேம்ப்’ என்று ஸ்டேஷன் பலகையில் இன்றும் பார்க்கிறீர்களே, அந்தக் கேம்ப் இதுதான்.

1964 அக்டோபர் 30ல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தலைமன்னார் கப்பலில் திரும்பி வந்தார்கள். வந்து இறங்கியது அதே மண்டபம் கேம்ப். 1983க்குப் பிறகு இலங்கை அகதிகளுக்கும் அதே இடம். தனுஷ்கோடிப் புயலைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள். இந்தக் கேம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்று எனக்கு நெடுநாள் குறை. உங்கள் கேள்வியால் சொல்ல முடிந்தது, நன்றி.

ராமநாதபுரம் கல்லூரி மாணவர்: 1964 புயலில் ஒரு ரயிலே காணாமல் போனது உண்மையா?

உண்மை. டிசம்பர் 22 இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர். 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது பதிவில் உள்ள கணக்கு. தனுஷ்கோடியை எட்டச் சில நூறு கஜம் இருக்கும்போது அலை எடுத்துக்கொண்டது. அது போட் மெயில் இல்லை, இதைக் குழப்பாதீர்கள்.

அதே மாணவர்: பாலத்தைச் சரிசெய்தார்கள், லைனை ஏன் விட்டார்கள்?

பாலத்தின் 145 கண்களில் 126ன் கர்டர்கள், அதாவது இரும்பு உத்தரங்கள், போய்விட்டன. நடுவில் இருந்த தூக்குப்பாலம் மட்டும் அசையவில்லை. இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் தலைமையில், பின்னாளில் மெட்ரோ ஸ்ரீதரன் ஆனவரேதான், கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துப் பொருத்தி, 46 நாளில் முடித்தார்கள். ராமேஸ்வரத்துக்கு வேறு வழியே கிடையாது. சாலைப் பாலம் 1988ல்தான் வந்தது. தனுஷ்கோடி நிலைமை வேறு. ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. ஆளில்லாத ஊருக்கு யார் தண்டவாளம் போடுவார்கள்? கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

தூக்குப்பாலம் என்றதும் ஒன்று. அதைத் தூக்கியது மோட்டார் இல்லை, மனிதக் கைகள். அதன் இரு பக்கமும் ஆட்கள் இரும்புக் கம்பியைத் தோளால் தள்ளிச் செக்கு மாதிரி சுற்றிச் சுற்றி வருவார்கள், பற்சக்கரம் கிறீச்சிடும், இரண்டு இறக்கையும் மெதுவாக வானத்தைப் பார்க்கும். கீழே விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கும். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் போல நேராக மேலே போகிறது. வசதிதான். எனக்குப் பழையதுதான் பிடிக்கும்.

ஏர்வாடியிலிருந்து: கப்பல்களின் பெயர் என்ன?

முதலில் கர்சன், எல்ஜின், ஹார்டிங், மூன்றும் வைஸ்ராய்கள். பின்னால் இர்வின், கோஷன். கடைசியில்தான் நம்மவர் பெயர் வந்தது, ராமானுஜம். ராமேஸ்வரம்-தலைமன்னார் ஓடிய அதுவும் இலங்கையில் போர் வந்து 1984ல் நின்றது.

மண்டபத்திலிருந்து ஒரு மீனவ நண்பர்: மறுபடி வருமா?

தலைமன்னார் லைன் 1990ல் போரில் அழிந்தது. இந்திய நிறுவனமான இர்கான் திரும்பப் போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் வந்துவிட்டது. நம் பக்கம் தனுஷ்கோடி லைனுக்கு 2019ல் அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் இறங்கவில்லை. நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பல் 2023ல் தொடங்கி, நின்று, மறுபடி ஓடியது. வேடிக்கை என்னவென்றால், 2007ல் நம் லைனும் அகலப் பாதை ஆகிவிட்டது. கேஜ் வேறாக இருந்தபோது எழுபது வருடம் இந்த வழியில் கப்பல் இருந்தது. கேஜ் ஒன்றாக இருக்கும்போது இந்த வழியில் கப்பல் இல்லை.

சாயல்குடியிலிருந்து ஒரு பள்ளி மாணவி: அரிச்சல்முனையில் நின்றால் தலைமன்னார் தெரியுமா மாமா?

தெரியாதும்மா, அவ்வளவு பக்கமில்லை. ஆனால் அப்பாவின் செல்போனுக்குத் தெரியும். சிலசமயம் அங்கே நிற்கும்போதே இலங்கை டவரைப் பிடித்து ‘வருக’ என்று மெசேஜ் அனுப்பிவிடும். ரோமிங்கை அணைத்து வைக்கச் சொல்.