பேரண்டம் பிறந்ததை யாரும் பார்க்கவில்லையே, அதன் வயதையும் உள்ளடக்கத்தையும் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டப்புறத்து ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். அவர்களும் விடாமல் கேட்பார்கள்: "எல்லாம் யூகம்தானே, டீச்சர்?"

பெரும்பகுதி யூகமே இல்லை. ஒளி வந்து சேரக் காலம் பிடிக்கும். ஆகவே, தூரத்தில் பார்க்கப் பார்க்கப் பழங்காலம் தெரியும். நமக்கு எட்டும் மிகப் பழைய ஒளி, பேரண்டத்துக்கு ஏறத்தாழ 3,80,000 வயதானபோது புறப்பட்டது. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு வானியலாளர்கள் தங்கள் ஆண்டெனாவை எத்திசையில் திருப்பினாலும் ஒரே இரைச்சல் கேட்டது. உள்ளே இருந்த புறா எச்சத்தைக்கூடக் கழுவிப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. நுண்ணலையாக நீண்டுபோன அந்தப் பழைய ஒளிதான் அது. இன்று அது 2.7 கெல்வினுக்கு, அதாவது ஏறத்தாழ மைனஸ் 270 பாகை செல்சியஸுக்கு, குளிர்ந்துவிட்டது.

என்னை இன்றும் மலைக்க வைப்பது அடுத்த கட்டம். அந்த ஒளியின் வெப்பநிலையில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்ற இறக்கங்கள் உண்டு. ஆரம்பகாலக் கொதிக்கும் வாயுவில் ஓடிய ஒலியலைகள் விட்டுச்சென்ற தடங்கள் அவை. சாதாரணப் பொருள் கூடினால் அலைகள் ஒரு விதமாக மாறும், ஒளியோடு ஒட்டாத இருண்ட பொருள் கூடினால் வேறு விதமாக மாறும். பிளாங்க் விண்கலம் இவற்றை அளந்ததில் கிடைத்த கணக்கு: சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம், இருண்ட பொருள் 27, பேரண்டத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல் 68, வயது 1,380 கோடி ஆண்டுகள். இருண்ட பொருள் காகிதக் கற்பனை அல்ல. 1970களில் வானியலாளர் வேரா ரூபின் விண்மீன் திரள்களின் சுழற்சி வேகத்தை அளந்தபோதும், கண்ணுக்குத் தெரியாத அந்த எடையின் இழுப்பு வெளிப்பட்டது.

பேரண்டம் விரிவடைவதை எப்படி அறிகிறோம்? வகுப்பில் பழைய குறுந்தட்டைக் குழல் விளக்கின் கீழ் சாய்த்துப் பிடிக்கச் சொல்வேன். வானவில்லுக்கு நடுவே பச்சையும் நீலமும் தனிக் கோடுகளாகப் பளிச்சிடும். விளக்கிலுள்ள பாதரசத்துக்கு உரியவை அவை. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படிச் சொந்தக் கோடுகள் உண்டு. தொலைவிலுள்ள விண்மீன் திரள்களின் ஒளியில் அக்கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன; வழியில் வெளி விரிந்து ஒளியலை நீண்டதன் அடையாளம் அது. தொலைவு கூடக் கூட நகர்வும் கூடுகிறது என்று 1929இல் வானியலாளர் ஹபிள் காட்டினார். விரிவு வேகமெடுப்பது 1998இல் தெரியவந்தது.

முதல் சில நிமிடங்கள்வரை கணக்கு உறுதியாக நிற்கிறது. அப்போது உருவான ஹீலியம் சாதாரணப் பொருளின் எடையில் கால் பங்கு இருக்க வேண்டும்; அளந்தாலும் அதுவே வருகிறது. யூகம் தொடங்குவது அதற்கும் முன்னால், முதல் நொடியின் மிகச் சிறு துளியில். கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகப் பேரண்டம் அசுர வேகத்தில் உப்பியது என்ற கருத்து இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அப்போது எழுந்த ஈர்ப்பலைகளின், அதாவது வெளியிலேயே ஓடும் அதிர்வுகளின், தடம் அதே பழைய ஒளியில் இருக்கிறதா என்று தென் துருவத்தில் தொலைநோக்கிகளை வைத்துத் தேடுகிறார்கள்.